அந்தக் கால்வாயை வெட்டியவர்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள்?

ஒரு நீண்ட த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

போன ஐப்பசியில எங்க அப்பத்தாவைக் கண்புரை ஆபரேஷனுக்குச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தேன். எங்க ஊர் அகரம், திண்டுக்கல்லுக்கு வடக்கே தாடிக்கொம்பு பக்கம். முத்தாலம்மன் திருவிழா முடிஞ்ச கையோட கிளம்பி வந்தது அப்பத்தா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, மறு பரிசோதனைக்குப் போறப்போ பறக்கும் ரயில்ல ஜன்னலோர சீட்டு கிடைச்சுது. புதுக் கண்ணு. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே வந்தது.

சேப்பாக்கம் தாண்டினதும் கீழே பார்த்து, "என்ன தம்பி இம்புட்டு நீளத்துக்கு ஒரு சாக்கடை?"ன்னு கேட்டுச்சு.

"சாக்கடை இல்ல அப்பத்தா, கால்வாய். முன்னாடி இதுல படகு போச்சு. தாது வருசப் பஞ்சத்துல கஞ்சிக்கு இல்லாதவங்களை வெச்சு வெட்டினது."

தாது வருசம்னு சொன்னதும் அப்பத்தா முகம் மாறிடுச்சு. எங்க வீட்டுல அவசர அவசரமா அள்ளிச் சாப்பிடுற பிள்ளையை "தாது வருசத்துல பொறந்தவனாட்டம் திங்காத"ன்னுதான் திட்டுவாங்க. 140 வருஷம் தாண்டியும் அந்த வார்த்தை மட்டும் வீட்டுக்குள்ளயே இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கேள்வி கேட்டுச்சு:

"வெட்டினவங்களுக்கு என்ன கூலி குடுத்தாங்க?"

எம்.பி.பி.எஸ். படிச்ச அஞ்சரை வருஷமும் அந்தக் கால்வாய் மேல தினமும் போய் வந்தவன் நான். ஒரு நாள்கூட இந்தக் கேள்வி எனக்குத் தோணலை. அதுக்குப் பதில் தேடினதுதான் இந்த த்ரெட்.

முதல்ல கால்வாயைப் பத்திச் சொல்லிடுறேன். ஏன்னா இப்போ அதைப் பார்க்கிறவங்களுக்கு, இதுல ஒரு காலத்துல ஜனங்க பயணம் போனாங்கன்னா நம்பிக்கை வராது.

பக்கிங்ஹாம் கால்வாய். ஆந்திராவில் பெத்த கஞ்சாம் தொடங்கி நம்ம மரக்காணம் வரைக்கும் சுமார் 420 கிலோமீட்டர். கடலுக்கு இணையா, அதுவும் கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓடுது. முழுக்க வெட்டினது இல்லை. இயற்கையா இருந்த கழிமுகங்களையும் உப்பங்கழிகளையும் ஒன்னோட ஒன்னு கோர்த்து உண்டாக்கினது. தண்ணியும் பெரும்பாலும் உப்புத் தண்ணிதான். கடல் ஏற்றத்துக்கு ஏறும், இறக்கத்துக்கு இறங்கும். மட்டத்தைப் பிடிச்சு நிறுத்த அங்கங்கே மதகுகள் இருந்தன.

இது எதுக்குத் தேவைப்பட்டதுன்னு புரியணும்னா மெட்ராஸ் கடலைப் பத்தித் தெரியணும். அப்போ அங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நிற்கும், மசூலா படகுல சரக்கை ஏத்தி, அலையில் குதிச்சுக் குதிச்சுக் கரை சேர்க்கணும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினா அதுவும் போச்சு. அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் நடு வரை கோட்டைக் கொடிமரத்துல கொடியை இறக்கிடுவாங்க. "இனி இங்கே நிற்காதே, ஓடிப்போ"ன்னு கப்பல்களுக்கு அறிவிப்பு. 1870களில் கட்ட ஆரம்பிச்ச துறைமுகத்தையே 1881 நவம்பர்ல ஒரு புயல் வந்து உடைச்சுப் போட்டுச்சு.

ஆக, ஐப்பசி கார்த்திகையில் கடல் வழி மூடிக்கிடக்கும். அப்போ கரைக்குள்ள அலையில்லாத ஒரு நீர்வழி இருந்தா எவ்வளவு பெரிய விஷயம்! வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து அடிக்கும். தெற்கே போற படகுக்குப் பாயை விரிச்சா போதும். காற்று இல்லாத நேரத்தில் ஒருத்தர் நீளக் கழியை ஊன்றித் தள்ளுவார், இல்லைன்னா கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பாங்க. உப்பு, விறகு, நெல், சுண்ணாம்புக்குச் சிப்பி, கருவாடு எல்லாம் இப்படித்தான் போச்சு. பின்னாளில் கிருஷ்ணா, கோதாவரி டெல்டா வரைக்கும் நீர்வழி இணைஞ்சதும் அந்தப் பக்கத்து அரிசியும் படகேறித் தெற்கே மெட்ராஸுக்கு வந்துச்சு.

மனுஷங்களும் போனாங்க. 1934ல் பாரதிதாசன், ஜீவானந்தம், குத்தூசி குருசாமி எல்லாம் சேர்ந்து ஒரு முழுநிலா ராத்திரியில் மெட்ராஸில் இருந்து மாமல்லபுரத்துக்குப் படகுல போயிருக்காங்க. அதைப் பத்திப் பாரதிதாசன் எழுதின கவிதைதான் 'மாவலிபுரச் செலவு'. (செலவுன்னா பழந்தமிழில் பயணம். நான் பள்ளிக்கூடத்தில் இதைப் பயணப்படி கணக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.) திருவான்மியூர், முட்டுக்காடு, கோவளம், உப்பளங்கள்... இன்னிக்கு ஓ.எம்.ஆருக்கும் ஈ.சி.ஆருக்கும் நடுவில் மாட்டிக்கிட்டு இருக்கிற அதே தண்ணி.

இதைத் தொடங்கினவர் பேசில் கோக்ரேன்னு ஒரு கான்ட்ராக்டர். 1806ல் மெட்ராஸில் இருந்து எண்ணூர் வரைக்கும் முதல் துண்டு. அதனால ரொம்ப காலம் 'கோக்ரேன் கால்வாய்'னுதான் பேரு. இந்த ஆள் பணம் சம்பாதிச்சு லண்டனுக்குத் திரும்பிப்போய் என்ன பண்ணார் தெரியுமா? சகல வியாதிக்கும் நீராவிக் குளியல்தான் மருந்துன்னு சொல்லி ஒரு நிலையம் நடத்தினார். அதில் வேலை பார்த்தவர் பாட்னாவைச் சேர்ந்த ஷேக் தீன் முகமது, இங்கிலீஷ்ல புத்தகம் எழுதின முதல் இந்தியர். வாட்ஸ்அப் வைத்தியத்தோட ஓயாமல் சண்டை போடுறவன்ங்கிற முறையில் இந்தத் தகவல் கிடைச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

1837ல் அரசாங்கம் கால்வாயை எடுத்துக்கிச்சு. வடக்கே நீட்டினாங்க, தெற்கேயும் வெட்டினாங்க. ஆனா ஊருக்கு நடுவில் மட்டும் இணையலை. வடக்குக் கால்வாய் கூவத்தோட நின்னுச்சு. தெற்குக் கால்வாய் அடையாற்றில் தொடங்கிச்சு. நடுவில் சுமார் 8 கிலோமீட்டர் வெறும் தரை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி.

அந்த 8 கிலோமீட்டர்தான் 1877-78ல் பஞ்ச நிவாரணப் பணியா வெட்டினது. கிட்டத்தட்ட அதே தடத்து மேலதான் இன்னிக்குச் சேப்பாக்கத்தில் இருந்து கிரீன்வேஸ் சாலை வரைக்கும் ரயில் ஓடுது. எங்க அப்பத்தா ஜன்னல் வழியா பார்த்ததும் அந்தத் துண்டைத்தான்.

இப்போ பஞ்சம். 1876ல் மழை பொய்ச்சது, அடுத்த வருஷமும் சரியில்லை. பெல்லாரி, கர்நூல், கடப்பா, சேலம், கோயம்புத்தூர், எங்க ஊர் அப்போ சேர்ந்திருந்த மதுரை ஜில்லா எல்லாம் அடி வாங்கிச்சு. இந்தியா முழுக்கச் செத்தவங்க 55 லட்சத்தில் இருந்து 96 லட்சம் வரைக்கும் இருக்கலாம்னு பல கணக்கு இருக்கு. எந்தக் கணக்கை எடுத்தாலும் அரை கோடிக்கு மேல.

தானியமே இல்லாததால செத்தாங்கன்னுதான் நானும் படிச்சிருந்தேன். முழு உண்மை அது இல்லை. திருச்சி மதுரை ரயில் பாதை 1875லயே திண்டுக்கல் வழியா வந்துடுச்சு, பஞ்சத்துக்கு முந்தின வருஷம்! மெட்ராஸ் கடற்கரையில் கப்பலில் வந்த அரிசி மூட்டை மூட்டையாக் குவிஞ்சு கிடந்தது. விலைதான் கூலிக்காரனுக்கு எட்டலை. ரயில் இருந்த ஊரில் இருந்த தானியமும் அதிக விலை கிடைக்கிற இடத்துக்கு அதே ரயிலில் போச்சு. மெட்ராஸ் அரசு தானே தானியம் வாங்கி வைக்கப் பார்த்தப்போ, வியாபாரத்தில் தலையிடாதேன்னு மேலிருந்து தடுத்தாங்க. வைஸ்ராய் லிட்டன் காலம். 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசின்னு அறிவிச்சு தர்பார் நடந்துக்கிட்டு இருந்தது. அதே வருஷம் இந்தியாவில் இருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி நிற்கலை.

அந்த ஜனவரியில்தான் சர் ரிச்சர்ட் டெம்பிள் தெற்கே வந்தார், பஞ்ச நிவாரணச் செலவைச் சுருக்க. இவர் கதை விசித்திரமானது. 1873-74ல் பீகார் பஞ்சத்தில் இதே டெம்பிள் பர்மா அரிசியை இறக்குமதி பண்ணித் தாராளமாக் கொடுத்தார். பஞ்சத்தால கிட்டத்தட்ட யாருமே சாகலை. அதுக்கு அவருக்குக் கிடைச்சது பாராட்டு இல்லைங்க. காசை வீணாக்கிட்டார்னு இங்கிலாந்தில் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. அடுத்த பஞ்சத்துக்கு அவர் வேற ஆளா வந்தார்.

அவர் வெச்ச கூலி: நாள் முழுக்கக் கடின வேலை செய்யற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா காசு. பெண்ணுக்கும் வேலை செய்யற பிள்ளைக்கும் இன்னும் கொஞ்சம் கம்மி. வரலாற்றில் இதுக்கு 'டெம்பிள் கூலி'ன்னே பேரு. அதிகமாக் கொடுத்தா ஜனங்க சோம்பேறியாயிடுவாங்க, அரசாங்கத்தையே நம்பி இருந்துடுவாங்கங்கிறது வாதம். (இந்த வாக்கியத்தை இப்பவும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கில்ல?) அது மட்டுமில்ல, சொந்த ஊரில் இருந்து பத்து மைல் தள்ளித்தான் முகாம். நிஜமாவே பசின்னா நடந்து வருவான்ங்கிற சோதனை.

ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம். "ஒரு நாளைக்கு 450 கிராம் அரிசியா? தாராளமாச்சே, நான் நூறு கிராம்தான் சாப்பிடுறேன்"னு உங்களுக்குத் தோணும். எனக்கும் முதல்ல தோணுச்சு. அப்புறம் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

450 கிராம் பச்சரிசின்னா 1,600 கலோரிக்குள்ள. புரதம் 35 கிராமைத் தாண்டாது. நாம சாப்பிடுற தட்டில் எண்ணெய், பருப்பு, பால், முட்டை, காய், பலகாரம்னு சுத்தி ஏகப்பட்டது இருக்கு. அங்கே அந்த அரிசிதான் மொத்தச் சாப்பாடும். அந்த ஒரு அணாவில்தான் உப்பு, மிளகாய், விறகு, துணி எல்லாம், அதுவும் பஞ்ச விலையில். இன்னிக்கு ஐ.சி.எம்.ஆர். கடின உடலுழைப்பு செய்யற 65 கிலோ ஆணுக்கு 3,470 கலோரி வேணும்னு சொல்லுது. அந்தக் கூலியாள் 48 கிலோதான் இருந்திருப்பார்னு வெச்சுக்கிட்டாலும் 2,500க்குக் குறையாது. தினமும் 900 கலோரி பள்ளம். மண் வெட்டி, கூடையில் சுமந்து, கரையேத்திக் கொட்டுற வேலைக்கு.

அந்தப் பள்ளத்தை உடம்பு எங்கிருந்து நிரப்பும்? முதல்ல கொழுப்பு. இவங்க வர்றப்பவே அது தீர்ந்திருக்கும். அப்புறம் தசை. தொடை, தோள், கடைசியில் இதயத் தசையும். குடலோட உள்சுவர் மெலிஞ்சுடும், சாப்பிடுற கொஞ்சத்தையும் உறிஞ்சாது, வயித்தால போகும். கால் வீங்கும். வீங்கின காலைப் பார்க்கிற மேஸ்திரிக்கு, ஆள் தேறிட்டான், உடம்பு போட்டுட்டான்னு தோணும்! எதிர்ப்பு சக்தி போயிடும். அப்புறம் காலரா வரும், சீதபேதி வரும். சாவுப் பதிவேட்டில் 'காலரா'ன்னு எழுதுவாங்க.

இறப்புச் சான்றிதழ் நானும் எழுதுறேன். காரணம் எழுதுற இடத்தில் எதை எழுதலாம், எதை விடலாம்ங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். பசிங்கிற வார்த்தை அங்கே வராம பார்த்துக்கிட்டா போதும், பஞ்சத்தில் யாரும் சாகலைன்னு ஆயிடும்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடிச்ச ஆள் வர்றார். டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். மெட்ராஸ் மாகாணத்தோட சுகாதார ஆணையர், அதாவது நம்ம பொது சுகாதாரத் துறை இயக்குநர் மாதிரி. பஞ்சம் வந்து பேச ஆரம்பிச்சவர் இல்லை. 1860களிலேயே இந்த மாகாணத்து ஜனங்க என்ன சாப்பிடுறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி அறிக்கை எழுதினவர். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையும் அவர் எழுதினதுதான். கம்பு எவ்வளவு, சோளம் எவ்வளவு, கூட என்ன சேர்த்துக்கிறாங்கன்னு ஏற்கனவே அவர்கிட்ட கணக்கு இருந்தது.

அவர் டெம்பிளை நேரடியா எதிர்த்தார். அதுவும் இரக்கத்தைக் காட்டி இல்லை, சத்துக் கணக்கைக் காட்டி. குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம், கூடவே பருப்பும் காய்கறியும் வேணும், அதுவும் மண் வேலை வாங்கினா கட்டாயம் வேணும்னு வாதாடினார். அரிசி மட்டும் போதாது, புரதம் வேணும்னு 1877ல் ஒரு அரசு டாக்டர் தன் மேலதிகாரிகளுக்கு எழுதினார்ங்கிறதை நான் ரெண்டு தடவை படிச்சேன். பம்பாய் மாகாணத்தில் இதே கூலியை எதிர்த்துக் கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டே வெளியேறினாங்க. லிட்டன் டெம்பிள் பக்கம் நின்னார். ஆனா மெட்ராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவோட அரசு, 1877 மார்ச்சில் பாதி வழி இறங்கி வந்தது. ஒன்னேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. 570 கிராம் அரிசி, 43 கிராம் பருப்புன்னு வெச்சுக்குங்க. என் கணக்குப்படி 2,150 கலோரி பக்கம். இன்னமும் பத்தாது. ஆனா 1,600க்கும் 2,150க்கும் நடுவில் எத்தனை ஆயிரம் உயிர் இருந்ததுன்னு எந்தக் கால்குலேட்டரும் சொல்லாது.

ஒரு கைப்பிடிப் பருப்பு. அதுக்குத்தான் ஒரு டாக்டர் ஒரு பேரரசோட நிதிக்கொள்கையோட மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இந்தக் கூலி நிலவரத்தில்தான் நிவாரணப் பணிகள் நடந்தன. கூவத்தையும் அடையாற்றையும் இணைச்ச கால்வாயும் அப்படி ஒரு பணி. வேலை முடிஞ்சதும் 1878ல் கால்வாய் முழுசுக்கும் கவர்னர் பேரை வெச்சாங்க. பக்கிங்ஹாம் பிரபுவாவது அந்தப் பருப்புக்குக் கையெழுத்துப் போட்ட அரசோட தலைவர். வெட்டினவங்க பேர் ஒன்னுகூட நமக்குத் தெரியாது. கார்னிஷ் பேரில் இங்கே ஒரு தெரு இருந்தா சொல்லுங்க, போய்ப் பார்த்துட்டு வர்றேன்.

மழை வந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைப்போம். 1878 பிற்பாதியில் மலேரியா வந்து, பஞ்சத்தில் தப்பிச்ச உடம்புகளை வாரிக்கிட்டுப் போச்சு. எங்க பக்கத்து ஜனங்க கூட்டம் கூட்டமா இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கிளம்பினதும் இதே வருஷங்களில்தான். 1880ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்து, 1883ல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. இனி பஞ்சம் வந்தா என்ன கூலி, யாருக்கு இலவச உணவு, எப்போ அறிவிக்கணும்னு எழுதப்பட்ட விதிகள்.

கால்வாயோட மிச்சக் கதை சீக்கிரம் முடிஞ்சுடும். ரயிலும் லாரியும் வந்ததும் படகுக்கு வேலை குறைஞ்சுது. 1960களின் நடுவில் அடிச்ச புயல்கள் கரைகளை நாசம் பண்ணிச்சு. தூர் வாராம மண் மேடேறிச்சு. ஊர்ச் சாக்கடை எல்லாம் இதுக்குள்ள திரும்பிச்சு. அப்புறம் கால்வாய்க்கு நடுவிலேயே தூண் நட்டு 1995ல் முதல் ரயில் சேப்பாக்கம் வரைக்கும் வந்தது, 1997ல் மயிலாப்பூர். 2008ல் இதையே தேசிய நீர்வழி எண் 4ன் ஒரு பகுதின்னு அறிவிச்சாங்க! தூணுக்கு நடுவில் எந்தப் படகு போகும்னு கேட்காதீங்க.

இதுக்கு நடுவில் 2004 டிசம்பர் 26. சுனாமி அலை கரை தாண்டி உள்ளே வந்தப்போ, ஆந்திராவில் இருந்து சென்னை வரைக்கும் பல இடங்களில் இந்தக் கால்வாய் அந்தத் தண்ணியை வாங்கிக்கிச்சு. ரொம்பி, சில இடத்தில் வழிஞ்சு, கொஞ்ச நேரத்தில் கடலுக்கே திரும்பிப்போச்சு. கடலுக்கும் ஊருக்கும் நடுவில் வெட்டின ஒரு பள்ளம் இருந்ததால பல பேர் பிழைச்சாங்க.

ஐப்பசி மாசம் என் வார்டில் காய்ச்சலோட வர்றவங்களில் கால்வாய்க் கரையில் குடியிருக்கிறவங்க நிறைய. டெங்கு, எலிக்காய்ச்சல், வயித்துப்போக்கு. முகவரி கேட்டா, "கெனால் பேங்க்"னு சொல்லுவாங்க. அந்த வார்த்தையை நான் வருஷக்கணக்கா நோயாளிச் சீட்டில் எழுதிட்டு இருக்கேன்.

அப்பத்தாவுக்குப் பதில் சொல்லணுமே. ஊருக்குப் போன் போட்டேன். "அப்பத்தா, அன்னிக்குக் கேட்டியே, கால்வா வெட்டினவங்களுக்கு என்ன கூலின்னு. ஒரு நாளைக்கு மூணு ஆழாக்குச் சொச்சம் அரிசி, ஒரு அணா காசு. அப்புறம் ஒரு டாக்டர் சண்டை போட்டு, நாலு ஆழாக்கும் ஒரு கைப் பருப்பும் ஆக்கினாரு."

கலோரிக் கணக்கையும் சொன்னேன். 1,600, 2,150, 2,500. பொறுமையாக் கேட்டுச்சு.

"அது ஒத்தை ஆளு திங்கிற கணக்குல தம்பி?"

"ஆமா அப்பத்தா."

"அவன் ஒத்தையாவா தின்னிருப்பான்? கைப்புள்ள இருந்திருக்கும், நடக்க மாட்டாத கெழவி ஒருத்தி இருந்திருப்பா. எல்லாத்துக்கும் அதுலதான?"

நான் போட்ட கணக்கில் அது இல்லை.

"சரி, மருந்து ரெண்டு சொட்டு விடணுமா, மூணா? உங்க சித்தி மூணுங்கிறா."

ரெண்டு, அப்பத்தா. ரெண்டு சொட்டு போதும்.